விட்டன்பர்க்கில் வர்ஜில்: சீர்திருத்தப் பல்கலைக்கழகமும் உரோம இலக்கியமும்

சீர்திருத்த இயக்கம் தோன்றி ஐந்தாண்டுகளே கடந்திருந்த 1523இல், எர்பர்ட் பல்கலைக்கழகத்தில் இலத்தீன் இலக்கியம் கற்பித்துவந்த கவிஞர் எயோபானுஸ் ஹெஸ்ஸுஸ், மார்ட்டின் லூத்தரிடம் ஓர் அச்சத்தைத் தெரிவித்தார். சீர்திருத்தத்தின் பெயராலேயே கல்வி அழிந்துவருகிறது என்பதே அவ்வச்சம். பிரசங்க பீடங்களில் மனிதக் கல்வி இகழப்பட்டது; மாணவர் தொகை விரைந்து குறைந்தது; வர்ஜிலையும் சிசரோவையும் கேட்க வருவோர் அருகினர். லூத்தர் அவ்வாண்டு மார்ச்சு 29ஆம் நாள் எழுதிய மறுமொழி நம் கவனத்துக்குரியது. இலக்கியப் பயிற்சி இன்றித் தூய இறையியல் நிலைநிற்க முடியாது என்று அவர் எழுதினார். மொழிகளும் இலக்கியங்களும் யோவான் ஸ்நானகனைப்போல் முன்சென்று வழியை ஆயத்தப்படுத்தாமல், தேவ வசனம் பெரிய அளவில் வெளிப்பட்டதே இல்லை என்பது அவர் கருத்து. கவிஞரும் சொல்வல்லாரும் பெருகவேண்டும் என்றும் அவர் விரும்பினார்.

இம்மறுமொழியைப் படிக்கும் இன்றைய வாசகர் ஹெஸ்ஸுஸின் அச்சத்தை வீண் கலக்கம் என எண்ணிவிடலாகாது. 1522இன் தொடக்கத்தில், லூத்தர் வார்ட்பர்க் கோட்டையில் மறைந்திருந்த நாட்களில், விட்டன்பர்க் நகரிலேயே பையன்களைப் பள்ளியிலிருந்து அழைத்துச் செல்லுமாறு பள்ளித் தலைவரே பெற்றோரை ஏவினார். பேராசிரியர் கார்ல்ஸ்டாட் பட்டங்களை இழித்துப் பேசினார். ஞானிகளுக்கு மறைக்கப்பட்டவை பாலகருக்கு வெளிப்படுத்தப்பட்டன என்ற ஆண்டவரின் வார்த்தையை ஆதாரமாகக் கொண்டு, எளிய நகரத்தாரிடம் சென்று வேதவசனங்களுக்குப் பொருள் கேட்டார் என்றும் சொல்லப்படுகிறது. இதனை நாம் நகைத்து ஒதுக்க இயலாது. விசுவாசிகள் அனைவரும் ஆசாரியர் என்று போதித்த இயக்கம், தன் ஊழியர்களை மட்டும் ஏன் பத்து ஆண்டுகள் அந்நிய மொழியில் பயிற்றவேண்டும்? அதிலும், யூப்பிட்டரையும் வீனஸையும் பாடிய கவிஞர்களைக் கொண்டு பயிற்றுவது எதற்கு? கேள்வி நேர்மையானது. அக்கேள்வி புதியதும் அன்று.

திருச்சபையின் முதல் நூற்றாண்டுகளிலேயே இவ்வழக்கு எழுந்துவிட்டது. அத்தேனேக்கும் எருசலேமுக்கும் என்ன உறவு என்று தெர்த்துல்லியன் வினவினார்; வினவியவரோ உரோமச் சொற்கலையில் தேர்ந்தவர். நான்காம் நூற்றாண்டில் வழக்கின் மறுபக்கம் வெளிப்பட்டது. 362இல் பேரரசன் ஜூலியன், பழைய தெய்வங்களை நம்பாதவர்கள் அத்தெய்வங்களைப் பாடிய நூல்களைக் கற்பிப்பது நேர்மையாகாது என்று கூறிக் கிறிஸ்தவ ஆசிரியர்களைப் பள்ளிகளிலிருந்து விலக்கினான். உரோமையில் புகழ்பெற்றிருந்த மாரியுஸ் விக்டோரினுஸ் தம் பள்ளியைத் துறந்தார். அப்பொல்லினாரி என்ற பெயருடைய தந்தையும் மகனும் வேதாகமத்தையே கிரேக்கக் காவியமாகவும் உரையாடலாகவும் மாற்றி எழுத முற்பட்டார்களாம். 364இல் தடை நீங்கியதும் அந்நூல்களை யாரும் தேடவில்லை. திருச்சபை வரலாற்றாசிரியர் சோக்ரட்டீஸ் அவற்றை எழுதப்படாதவைபோலவே ஆயின என்று சற்றே குறும்போடு குறிப்பிடுகிறார். ஜூலியனின் ஆணையில் ஓர் உண்மை உண்டு: இலக்கியம் இழக்கப்பட்டால் திருச்சபை மெலியும் என்பதைச் சபையார் பலரைவிடப் பகைவனே தெளிவாக அறிந்திருந்தான்.

ஜெரோமின் கனவு நம் மாணவர் அறிந்ததே. நியாயாசனத்தின் முன் தம்மைக் கிறிஸ்தவன் எனச் சொல்லிக்கொண்டபோது, நீ சிசரோவைச் சேர்ந்தவன் என்று கடிந்துகொள்ளப்பட்டதாகவும், இனி உலக நூல்களைத் தொடேன் என்று ஆணையிட்டதாகவும் 384இல் எழுதிய நிருபம் ஒன்றில் அவர் கூறுகிறார். ஆயினும் அதன்பின் அவர் எழுதியவற்றில் வர்ஜிலின் வரிகள் தாராளமாக வருகின்றன. பழைய நண்பர் ருபீனுஸ் இதைச் சுட்டிக்காட்டி அவரை ஆணை மீறியவர் எனக் குற்றஞ்சாட்டினார். அகஸ்தீனோ, சிறுவயதில் டிடோவின் சாவுக்காக அழுததை எண்ணி வருந்துகிறார். அதே நூலில், பத்தொன்பதாம் வயதில் சிசரோவின் ஹோர்த்தென்சியுஸ் என்ற நூலே தம் ஜெபங்களின் திசையைத் தேவனை நோக்கித் திருப்பியது என்கிறார். எகிப்தியரின் பொன்னை இஸ்ரவேலர் கொண்டுசென்றதுபோல் புறமதத்தாரின் கல்வியையும் எடுத்துக்கொள்ளலாம் என்ற அவருடைய விளக்கம், பின்வந்த ஆயிரம் ஆண்டுகளுக்கு வழிகாட்டியாயிற்று. ஆனால் அவ்வுவமை எதை எடுப்பது என்று கூறுகிறதே அன்றி, எப்படிப் படிப்பது என்று கூறவில்லை. அதைச் செய்து காட்டியவர் பிலிப் மெலாங்தன்.

1497இல் பிரெட்டன் என்ற சிற்றூரில் பிறந்த மெலாங்தன், எபிரெய அறிஞர் ரொய்க்லினின் உறவினர். கறுத்த மண் எனப் பொருள்படும் தம் ஜெர்மானியக் குடும்பப் பெயரைக் கிரேக்கத்தில் பெயர்த்துப் பெற்ற பெயரே மெலாங்தன். பன்னிரண்டாம் வயதில் ஹைடல்பர்க் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, டூபிங்கனில் முதுகலைப் பட்டம் பெற்று, 1516இல் உரோம நாடகாசிரியர் டெரன்ஸின் நாடகங்களைப் பதிப்பித்தார். 1518 ஆகஸ்டு 25ஆம் நாள், கிரேக்கப் பேராசிரியராக விட்டன்பர்க் வந்துசேர்ந்தபோது அவருக்கு வயது இருபத்தொன்று. மெலிந்த உருவம், பேச்சிலும் சிறிது தடுமாற்றம். சில நாட்களில் அவர் ஆற்றிய முதல் சொற்பொழிவு இளைஞர் கல்வியைத் திருத்துவது பற்றியது. பழுதுபட்ட உரைகளையும் உரைகளின் உரைகளையும் விட்டு மூலநூல்களுக்குச் செல்லுங்கள்; கிரேக்கமும் செம்மையான இலத்தீனும் அதற்கு வழி என்பது அதன் சாரம். லூத்தர் மகிழ்ச்சியால் பூரித்துப்போனார்.

அந்நாளைய கல்விமுறையை மாணவர் அறிந்துகொள்வது நலம். பல்கலைக்கழகத்தில் விரிவுரை, வாதம், தேர்வு, பட்டமளிப்பு உறுதிமொழி யாவும் இலத்தீனில் நடைபெற்றன. எனவே பல்கலைக்கழக வாயிலுக்கு வருமுன்பே இலத்தீன் நாவில் நின்றாகவேண்டும். சாக்சனி நாட்டுச் சபைகளை ஆய்வு செய்வோருக்காக மெலாங்தன் 1528இல் எழுதிய அறிவுரையில் பள்ளிப் பிள்ளைகள் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்படுகின்றனர். முதற்குழுவினர் எழுத்துப் பயின்றபின் டொனாத்துஸின் சிற்றிலக்கணத்தையும், கேட்டோவின் பெயரால் வழங்கும் நீதி ஈரடிகளையும் படிக்கவேண்டும். இந்த டொனாத்துஸ் உரோமையில் ஜெரோமுக்கே ஆசிரியராக இருந்தவர். ஜெரோமின் காலத்து இலக்கணம் ஆயிரத்து நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின்னும் சிறுவர் கையில் இருந்தது. இரண்டாங்குழுவுக்கு ஈசாப் கதைகளும் டெரன்ஸும் பிளாட்டுஸும். மூன்றாங்குழுவுக்கு வர்ஜிலும், ஓவிடின் உருமாற்றக் கதைகளும், சிசரோவின் கடமைகள் பற்றிய நூலும். பிள்ளைகள் இலத்தீனிலேயே பேசப் பழகவேண்டும். ஜெர்மன், கிரேக்கம், எபிரெயம் ஆகியவற்றையும் சேர்த்துக் கற்பித்துப் பிள்ளைகளைச் சுமைப்படுத்தவேண்டாம் என்றும் அவர் எச்சரிக்கிறார். கிரேக்கப் பேராசிரியர் ஒருவர் இவ்வாறு எழுதியது வியப்பே.

இத்தகுதி இல்லாத இளைஞர்களுக்காக அவர் தம் வீட்டிலேயே சிறு பள்ளி ஒன்றை நடத்தினார். அங்கே உரோம நாடகங்கள் நடிக்கவும் பட்டன. ஆசிரியர்களின் துன்பங்கள் என்ற தலைப்பில் அவர் இயற்றிய சொற்பொழிவைப் படிப்போர், அத்துன்பங்கள் நூலில் கற்றவை அல்ல என்று உணர்வர். புதிய மாணவனுக்குக் கொம்பு கட்டி, அவனை விலங்காகப் பாவித்து, பிறகு அக்கொம்புகளைத் தட்டி நீக்கிப் 'பண்படுத்தும்' சடங்கு ஒன்றும் அக்காலப் பல்கலைக்கழகங்களில் இருந்தது. இன்றைய மாணவர் விடுதிகளிலும் அதன் உறவினர் சிலர் உலவுவதை வாசகர் அறிவர்.

1523இல் பல்கலைக்கழகத் தலைவர் பொறுப்பை ஏற்ற மெலாங்தன், மாணவர் தாமே உரை இயற்றி நிகழ்த்தும் பயிற்சியை மீண்டும் நிறுவினார். எதிர்காலப் பிரசங்கியார் பிறர் சொன்னதை வாதக் கூறுகளாகப் பிரிப்பதோடு நில்லாமல், தாமே ஒரு பொருளை ஒழுங்குபடுத்தி மக்கள் உள்ளத்தைத் தொடுமாறு பேசப் பழகவேண்டும் என்பது நோக்கம். அதற்குச் சிசரோ ஆசிரியரானார். பயன் பிரசங்கத்தோடு நின்றுவிடவில்லை. ரோமருக்கு எழுதிய நிருபத்தை மெலாங்தன் உரோம வழக்கறிஞரின் உரையைப் பகுப்பதுபோல் பகுத்தார்: இதுவே நிரூபிக்கப்படும் கூற்று, இவை சான்றுகள், இது எதிர்வாதத்துக்கு விடை, இது இடைப்பிறவரல் என. தனித்தனி வசனங்களாக, ஒவ்வொன்றுக்கும் நால்வகைப் பொருள் கூறிப் படிக்கப்பட்டுவந்த நிருபம், நீதிமானாக்கப்படுதலைப் பற்றிய ஒரே தொடர்ந்த வாதமாகக் காட்சியளித்தது. சீர்திருத்தச் சபையின் முதல் முறைப்படுத்தப்பட்ட இறையியல் நூலாகிய அவருடைய 1521ஆம் ஆண்டு நூல், பொதுத் தலைப்புகள் என்ற தன் பெயரையே சொற்கலையிலிருந்துதான் பெற்றது. புகழுரை, அறிவுரை, வழக்குரை என்று பழையோர் வகுத்த மூவகை உரைகளோடு, போதிக்கும் உரை என்ற நான்காம் வகையையும் அவர் சேர்த்தார். சபையின் தேவையை முன்னிட்டே அவ்வாறு செய்தார். ஒரு நிருபத்தை முழுமையாகப் படித்து அதன் வாதத்தைத் தேடும் நம் வழக்கத்துக்கு, உரோம நீதிமன்றத்தில் பிறந்த கலை இவ்வளவு கடன் கொடுத்திருக்கிறது.

இனி, புறமதத்தாரின் உள்ளடக்கம் என்ன ஆயிற்று? இங்கேதான் அவருடைய இறையியல் தெளிவு காணப்படுகிறது. நியாயப்பிரமாணத்தையும் சுவிசேஷத்தையும் வேறுபடுத்திய லூத்தரின் போதனையையே அவர் அளவுகோலாக்கினார். சிசரோ கூறும் கடமையும், நீதியும், நட்பும், நாட்டுப்பற்றும் தேவன் மனித உள்ளத்தில் எழுதிய பிரமாணத்தைச் சேர்ந்தவை. ஆகவே உண்மையானவை, குடிமை வாழ்வுக்கு இன்றியமையாதவை. பாவமன்னிப்பைப்பற்றிச் சிசரோவுக்கு ஒன்றும் தெரியாது; அதை அவரிடம் தேடுவதும் தவறு, அது இல்லை என்பதற்காக அவரைத் தள்ளுவதும் தவறு. இதன்படி, வர்ஜிலைக் கிறிஸ்துவின் தீர்க்கதரிசியாக்கும் இடைக்காலப் பாசாங்கு தேவையற்றதாயிற்று. சுவிங்கிலியோ, தம் இறுதி நூலில் ஹெர்க்குலிஸையும் சோக்ரட்டீஸையும் கேட்டோக்களையும் பரலோகத்தில் காணலாம் என எழுதி, லூத்தரின் கடும் சினத்துக்கு ஆளானார். அதே லூத்தர், சிசரோவுக்குத் தேவன் இரக்கம் காட்டுவார் எனத் தாம் நம்புவதாக உணவு மேசையில் கூறியதும் பதிவாகியுள்ளது. மேசைப் பேச்சையும் விவாத நூலையும் ஒரே தராசில் நிறுப்பது முறையல்ல என்றாலும், இரண்டையும் சேர்த்து நினைவில் வைப்பது நல்லது.

டெரன்ஸின் நாடகங்களில் வரும் வேசிகளும் ஏமாற்றும் அடிமைகளும் சிறுவருக்குத் தகுமோ என்று சிலர் கேட்டதுண்டு. லூத்தரின் விடை எளியது: அக்காரணத்துக்காக நாடகத்தை விலக்கினால் வேதாகமத்தையும் படிக்கமுடியாமற்போகும். 1505இல் துறவு மடத்தில் நுழைந்தபோது தம் நூல்களுள் பிளாட்டுஸையும் வர்ஜிலையும் மட்டுமே உடன் கொண்டுசென்றதாகச் சொன்னவர் அவர். இறப்பதற்கு இரண்டு நாட்களுக்கு முன், 1546 பெப்ரவரி 16ஆம் நாள், ஐஸ்லேபனில் அவர் எழுதிய கடைசிக் குறிப்பிலும் அந்த வர்ஜில் வருகிறார். வர்ஜிலின் ஆயர் பாடல்களை உணர ஐந்தாண்டு ஆடு மேய்த்திருக்கவேண்டும், சிசரோவின் கடிதங்களை உணரப் பல்லாண்டு அரசுப் பணியில் உழன்றிருக்கவேண்டும், வேதத்தைச் சுவைக்கவோ தீர்க்கதரிசிகளோடு நூறாண்டு சபையை நடத்தியிருக்கவேண்டும் என்பது அக்குறிப்பின் கருத்து. இலக்கணத்தால் மட்டும் எந்நூலும் திறவாது என்பதை, வாழ்நாளெல்லாம் இலக்கணத்துக்காகப் போராடியவர் இறுதியில் எழுதிவைத்தார்.

மெலாங்தனின் வாசிப்பில் குறையும் இல்லாமலில்லை. அவர் கையில் உரோமக் கவிஞர் அனைவரும் சற்றே பள்ளி ஆசிரியராகிவிடுகின்றனர். ஒவ்வொரு கதையிலும் ஒரு நீதி, ஒவ்வொரு பாத்திரத்திலும் ஓர் எச்சரிக்கை. டிடோவுக்காக அழுத அகஸ்தீன், அழுததற்கு வருந்தியபோதும், கவிதையின் வன்மையை இவரைவிட ஆழமாக உணர்ந்தவர் என்றே எனக்குத் தோன்றுகிறது.

வேறொரு குறை அதைவிடப் பெரிது. இலத்தீன் நாடுகளை இணைத்தது உண்மையே. ஜெர்மன் அறியாமல் விட்டன்பர்க் வந்த ஹங்கேரிய மாணவர்க்கு ஞாயிற்றுக்கிழமைகளில் மெலாங்தன் இலத்தீனில் சுவிசேஷ விளக்கம் அளித்தார். தம் வீட்டில் தொடங்கிய அக்கூட்டம் பின்னர் விரிவுரை மண்டபத்துக்கு மாற்றப்பட்டது. குரு அபிஷேகம் பெறாத அவர் பீடத்தில் ஏறிப் பிரசங்கித்ததில்லை. இவ்விளக்கங்களே அவருடைய பிரசங்கங்கள். ஆனால் நாடுகளை இணைத்த மொழியே வகுப்புகளைப் பிரித்தது. மக்கள் மொழியில் வேதத்தைத் தந்த சபை, அவ்வேதத்தை விளக்குவோரைப் பிறிதொரு மொழியில் உருவாக்கிற்று. பெண்களுக்குப் பல்கலைக்கழகக் கதவு திறக்கவே இல்லை. உழவனின் மகன் போதகரானால், தந்தைக்கு விளங்காத மொழியில் சிந்திக்கப் பழகியே ஊருக்குத் திரும்பினான். 1687இல் கிறிஸ்தியன் தோமாசியுஸ் லைப்சிக் பல்கலைக்கழகத்தில் ஜெர்மன் மொழியில் விரிவுரை அறிவித்தது பெருங்கலகமாகக் கருதப்பட்டது. சில ஆண்டுகளில் அவர் ஹாலே நகருக்குக் குடிபெயர்ந்தார். 1694இல் அங்கே புதிய பல்கலைக்கழகம் தோன்றியது.

அந்த ஹாலேயில் இலத்தீன் மாண்டுவிடவில்லை. வேறு வாழ்வு பெற்றது. 1777இல் பிரடெரிக் ஆகஸ்ட் வொல்ப் என்ற இளைஞர் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் பதிவு செய்யவந்தபோது, இறையியல் மாணவர் என்றல்ல, மொழியியல் மாணவர் என்றே தம்மைப் பதியவேண்டும் என வற்புறுத்தினாராம். பள்ளி ஆசிரியராக விரும்புவோரும் இறையியல் மாணவராகவே பதிவது அந்நாள் வழக்கம். 1783இல் ஹாலேயில் பேராசிரியரான அவர், 1787இல் பண்டைய மொழிகளுக்கெனத் தனிக் கருத்தரங்கம் நிறுவினார். போதகரை அன்று, பள்ளி ஆசிரியரை உருவாக்குவதே அதன் நோக்கம். இலத்தீனும் உரோம இலக்கியமும் இறையியலின் பணிப்பெண் என்ற நிலையிலிருந்து நீங்கித் தனிப்புலமாயின. அதனால் புலமை பெருகியது. நமக்கோ, இறையியல் மாணவர் உரோமக் கவிஞரைப் படிக்கவேண்டிய காரணம் மெல்ல மறைந்தது. நம் இறையியல் கல்லூரிகளில் கிரேக்கமும் எபிரெயமும் இடம்பெற, பெரும்பாலும் இலத்தீன் இடம்பெறாததன் வேரை ஓரளவு இங்கே காணலாம்.

ஹாலேயின் இலத்தீன் கல்வி தமிழகத்தையும் தொட்டது. சீகன்பால்கு பெர்லினில் பயின்ற பள்ளியின் தலைவர் யோவாக்கிம் லாங்கே. பல பதிப்புகள் கண்ட இலத்தீன் இலக்கணம் ஒன்றின் ஆசிரியர். அவரிடம் பயின்று, ஹாலேயில் சிறிது காலம் கற்று, 1706இல் தரங்கம்பாடி வந்த சீகன்பால்கு, தாம் கற்ற தமிழை ஐரோப்பியருக்கு இலத்தீன் வழியே விளக்கினார். அவருடைய தமிழ் இலக்கணம் 1716இல் ஹாலேயில் அச்சிடப்பட்டது. வேற்றுமை எட்டெனக் கண்ட தமிழை இலத்தீன் வேற்றுமைகளின் சட்டகத்தில் பொருத்தியதால் சில இடங்களில் தமிழ் நெரிபட்டது. எனினும் கடல்கடந்த அறிஞர் தமிழை அறிய அதுவே வாயிலாயிற்று. 1738இல், லூத்தரன் கொள்கையைக் கடுமையாக மறுத்து நூல் எழுதிய வீரமாமுனிவரின் இலத்தீன் வழித் தமிழ் இலக்கணத்தைத் தரங்கம்பாடி லூத்தரன் அச்சகமே வெளியிட்டது. கொள்கையில் எதிர்நின்றோர் இலக்கணத்தில் ஒரே மொழி பேசினர். திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் அதே முனிவர் இலத்தீனில் பெயர்த்தார்.

சிறுவயதில் இலத்தீன் நீதிநூல்களால் பயிற்றப்பட்ட தலைமுறையைச் சேர்ந்த சீகன்பால்கு, 1708இல் நீதி வெண்பாவையும் கொன்றை வேந்தனையும் உலகநீதியையும் ஜெர்மனில் பெயர்த்தது தற்செயல் என்று நான் எண்ணவில்லை. தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றிய விரிவான நூலொன்றையும் 1713இல் எழுதி ஹாலேக்கு அனுப்பினார். அங்கே பிராங்கேயின் பள்ளிகளில் சிசரோ படிக்கப்பட்டுக்கொண்டிருந்தார். ஆனால் தமிழரின் சமயத்தைப்பற்றிய நூலுக்கு அச்சு மறுக்கப்பட்டது: ஊழியரை அனுப்பியது புறமதத்தை வேரறுக்க, அதன் கதைகளை ஐரோப்பாவில் பரப்ப அன்று என்பது பிராங்கேயின் விடை. யூப்பிட்டரைப் பாடியவர்க்குப் பள்ளியில் இடம் உண்டு, சிவனைப் பாடியவர்க்கு இல்லை என்ற இவ்வேறுபாட்டுக்கு இறையியல் காரணம் ஏதும் கூறப்பட்டதாகத் தெரியவில்லை. யூப்பிட்டரை வணங்குவோர் எவரும் அப்போது உயிரோடில்லை என்பதே காரணம் போலும். நியாயப்பிரமாணம், சுவிசேஷம் என்று மெலாங்தன் சிசரோவுக்கு வைத்த அளவுகோல் கொன்றை வேந்தனுக்கும் பொருந்தியிருக்கும். அதைப் பொருத்திப் பார்க்க ஹாலேயில் ஒருவரும் முன்வரவில்லை. தெய்வங்களைப்பற்றிய நூல் 1867இல் சென்னையில் அச்சேறியது. சீகன்பால்கு இறந்து அப்போது 148 ஆண்டுகள் ஆகியிருந்தன. நீதிநூல்களின் பெயர்ப்பு 1930 வரை காத்திருந்தது.